மாலினாய்ஸ் குட்டி வாங்கும் முன் தாயைப் பாருங்கள்

கேள்வி: ராயக்கோட்டை பக்கம் எங்களுக்கு 9 ஏக்கர். 6 ஏக்கர் மாந்தோப்பு, மிச்சத்தில் தக்காளியும் ஒரு ரோஜா பசுமைக்குடிலும். போன வருடம் இரண்டு தடவை போர்வெல் கேபிளை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பட்டியில் இருந்த ஆடும் திருட்டுப் போனது. வீட்டில் நான், மனைவி, 4 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள், அப்பா. காலை 6 மணிக்கே பூப் பறிக்க ஆட்கள் வந்துவிடுவார்கள். பெல்ஜியன் மாலினாய்ஸ் நாய் வாங்கிக் காவலுக்குப் பழக்கலாம் என்று இருக்கிறேன். பெங்களூரில் ஒருவர் டச்சு கே.என்.பி.வி. பிளட்லைன் என்று 90,000 ரூபாய் சொல்கிறார். ஓசூரில் ஒருவர் பிரெஞ்சு ரிங் லைன் என்று 60,000 கேட்கிறார். இன்னொருவரிடம் ஷோ சாம்பியன் குட்டி 35,000-க்கு இருக்கிறது. எந்த பிளட்லைன் காவலுக்கு நல்லது? இரண்டாக வாங்கலாமா? பகலில் கட்டிப்போட்டு ராத்திரி அவிழ்த்துவிட்டால் போதுமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று பேர் சொன்ன விலையும் எழுதியிருக்கிறீர்கள், மூன்று லைன் பெயரும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குட்டிகளின் தாய் எப்படிப்பட்டது, தகப்பன் என்ன வேலை செய்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. உங்கள்மேல் தப்பில்லை, விற்கிறவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். நம் பக்கம் பிளட்லைன், அதாவது வம்சவழி, என்பது விலையை ஏற்றிச் சொல்வதற்கு வசதியான பெயராகிவிட்டது. ஆனால் அந்தப் பெயர்களுக்குப் பின்னால் உண்மையான சங்கதி இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் உங்கள் தோட்டத்துக்கு வருவோம்.

மாலினாய்ஸ் பெல்ஜியத்து மேய்ச்சல் நாய். 1891-ல் அடோல்ப் ரூல் என்ற கால்நடை மருத்துவப் பேராசிரியர், பிரஸ்ஸல்ஸை ஒட்டிய குரேகெம் கால்நடைக் கல்லூரியில் 117 நாய்களை வரவழைத்து நிறுத்திப் பார்த்தார். உடம்பு வாகு எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது, முடிதான் வேறு வேறு. அப்படிப் பிரித்ததில் வந்தவைதான் இன்றைய நான்கு வகையும்: நீளமுடிக் கறுப்பு குரோனென்டால், நீளமுடிச் செம்பழுப்பு டெர்வூரன், சொரசொரப்பான முடி லாக்கனாய்ஸ், குட்டைமுடி மாலினாய்ஸ். இதில் குட்டைமுடிக்காரனை வளர்த்தவர்கள் ஆரம்பத்திலிருந்தே அழகைவிட வேலையைத்தான் அதிகம் பார்த்தார்கள். ஆட்டுக்கிடை வேலை குறைந்ததும் போலீஸ் வேலைக்கும் காவல் போட்டிகளுக்கும் கொண்டுபோனார்கள்.

அந்தப் போட்டிகள்தான் பிளட்லைனை உண்டாக்கின. ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதமான பரீட்சை. தேறிய நாயைத்தான் இனச்சேர்க்கைக்கு விடுவார்கள். தலைமுறை தலைமுறையாக இப்படியே போனால், அந்தப் பரீட்சை எதைக் கேட்கிறதோ அந்தக் குணம் குட்டிகளில் ஏறிக்கொண்டே வரும். ஆகவே ஒருவர் ஒரு லைன் பெயரைச் சொன்னால், அந்தப் பரீட்சை நாயிடம் என்ன கேட்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

பெங்களூர்க்காரர் சொன்ன கே.என்.பி.வி. நெதர்லாந்தின் போலீஸ் நாய்ச் சங்கம், 1907-ல் தொடங்கியது. அங்கே சான்றிதழ் வாங்க நாய்க்கு வம்சப் பேப்பர் தேவையில்லை. வேலை செய்தால் போதும். அதனால் டச்சு ஷெப்பர்ட் கலப்பெல்லாம் அங்கே சகஜம். பரீட்சையில் நாய் தண்ணீரை நீந்திக் கடக்க வேண்டும், வைத்த பொருளை யாரும் தொடாமல் காவல் காக்க வேண்டும், ஒளிந்திருக்கும் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும், தடி அடி விழுந்தாலும் கடித்த பிடியை விடாமல் நிற்க வேண்டும். பல நாட்டுப் போலீஸும் ராணுவமும் நாய் எடுப்பது இங்கிருந்துதான். இந்த நாய்கள் கனமாக இருக்கும், வலியைச் சட்டை செய்யாது, மோதுகிற வேகம் பயங்கரமாக இருக்கும். சில நாய்கள் வளர்ப்பவர்மேலேயே திரும்பிப் பாயும். கையாளத் தெரியாதவர் ஒரு தடவை சங்கிலியைச் சுண்டி அதட்டினால், அந்தக் கை கடிபடும்.

பெல்ஜியன் ரிங் என்று ஒரு போட்டி உண்டு, அதை நடத்துவது என்.வி.பி.கே. என்ற சங்கம். கனமான உடை போட்ட ஆள் நாய்க்கு நெருக்கமாக நின்று சத்தம் போடுவான், தடியைச் சுழற்றுவான், மேலே எதையாவது எறிவான். நாய் பெரும்பாலும் காலைப் பிடிக்கும். எப்படிப் பிடிக்கிறது என்பதற்கே மதிப்பெண். வாய் நிறைய, கடைவாய் வரைக்கும் கவ்வ வேண்டும். நுனிப்பல்லால் கொறித்தால் மதிப்பெண் போய்விடும். அதனால் இந்த லைனில் கடியின் தரமும் நெருக்கடியில் நிலைத்து நிற்கும் தைரியமும் நன்றாக வரும். நம் ஊரில் இந்த லைன் அதிகம் பேசப்படுவதில்லை, எனக்கு அது வருத்தம்தான்.

ஓசூர்க்காரர் சொல்கிற பிரெஞ்சு ரிங் வேறு மாதிரி. அங்கே ஆள் வளைந்து நெளிந்து தப்பிப்பதில் கெட்டிக்காரன். நாய் இன்னும் வேகமாக, இன்னும் லாகவமாக இருந்தாக வேண்டும். உடம்பு லேசாக, கால் வில் மாதிரி இருக்கும். மேல்நிலைப் பரீட்சையில் 2 மீட்டருக்கும் உயரமான பலகைச் சுவரை ஏறித் தாண்டும். உங்கள் தோட்டத்துக் கம்பிவலை எத்தனை அடி? 5 அடிதான் என்றால் அது இந்த நாய்க்கு வேலியே கிடையாது.

ஐ.ஜி.பி. என்பது உலகம் முழுக்க நடக்கும் போட்டி, 2019 வரை ஐ.பி.ஓ. என்பார்கள். மோப்பத்துக்கு 100, கீழ்ப்படிதலுக்கு 100, பாதுகாப்புக்கு 100. ஆள் கையில் மாட்டிய தடித்த உறையை, அதாவது ஸ்லீவை மட்டும்தான் நாய் கடிக்கும். ஸ்லீவைக் கழற்றிப் போட்டால் ஆளை விட்டுவிட்டு ஸ்லீவின் பின்னால் ஓடுகிற நாயும் இதில் உண்டு, அது உண்மைதான். ஆனால் சொன்ன பேச்சு கேட்கிற, ஆளோடு சேர்ந்து வேலை செய்ய ஆசைப்படுகிற குணத்தை இந்தப் பரீட்சை நன்றாகப் பிரித்துக் காட்டும். பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஷோ லைன், அதாவது அழகுப் போட்டிக்காக வளர்த்த வழி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பார்க்க அம்சமாக இருக்கும், பொதுவாக வேகம் குறைவு. சாதுவாக இருக்கும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், பயந்த சுபாவம் உள்ள ஷோ நாயும் பயத்தில் கடிக்கும். அளவு பற்றி ஒரு வார்த்தை. எப்.சி.ஐ. என்ற சர்வதேச நாய்ச் சங்கத்தின் தரக்குறிப்புப்படி ஆண் 60 முதல் 66 செ.மீ. உயரம், 25 முதல் 30 கிலோ எடை. பெட்டை 56 முதல் 62 செ.மீ., 20 முதல் 25 கிலோ. 45 கிலோ வரும் என்று யாராவது ஆசை காட்டினால் அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது, அல்லது கொழுப்பு ஏறியிருக்கிறது.

சரி, இப்போது முக்கியமான இடம். இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரு கூட்டத்தின் பொதுப்போக்கைத்தான் சொல்லும். நீங்கள் வாங்குவது ஒரே ஒரு குட்டி. நம் பக்கம் கறவை மாடு வாங்கப் போனால் ஜெர்சி என்று சொன்ன உடனே பணத்தை எண்ணி வைத்துவிடுவோமா? தாய் எத்தனை லிட்டர் கறந்தது, முன் ஈத்துக் கிடேரி எப்படி, மடிநோய் வந்ததா என்று துருவித் துருவிக் கேட்போம். நாய்க்கும் அதே கேள்விகள்தான். தாத்தாவுக்குத் தாத்தா ஹாலந்தில் சான்றிதழ் வாங்கியிருந்தாலும், நடுவில் நான்கு தலைமுறை பெங்களூரில் கூண்டுக்குள்ளேயே இருந்து குட்டி போட்டிருந்தால், அந்தச் சான்றிதழால் உங்கள் குட்டிக்குப் பெரிதாக ஒன்றும் வராது. சோதிக்காமல் சேர்த்துக்கொண்டே போனால் நல்ல லைனும் கலைந்துவிடும்.

தாயிடம் நான் முதலில் பார்ப்பது நெர்வ், அதாவது மனத்திடம். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். கொஞ்ச நாள் முன்பு பாலக்கோட்டுக்காரர் ஒருவர் குட்டி பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார். முதல் இடத்தில் தாய் நாய் கம்பிக்கதவில் பாய்ந்து பாய்ந்து குரைத்தது. பல்லெல்லாம் தெரிகிறது, எச்சில் தெறிக்கிறது. கூட வந்தவருக்கு ஒரே சந்தோஷம், இதுதான் வேண்டும் என்றார். அதைச் சங்கிலியில் பிடித்து மெயின் ரோடு வரைக்கும் நடத்திக் காட்டுங்கள் என்று உரிமையாளரிடம் கேட்டேன். பஞ்சர் கடை வாசலுக்கு வந்ததும் வால் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. கண்ணின் வெள்ளை தெரிய, சாய்த்து வைத்திருந்த டயரைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே பின்னால் இழுத்தது. தன் ஊரில் யானை, அயலூரில் பூனை. அதன் கதவுக் குரைப்பு முழுக்கப் பயம். அந்தப் பயம் குட்டிக்கும் போகும், பிறப்பாலும் போகும், தாயைப் பார்த்துப் பழகுவதாலும் போகும்.

அடுத்த இடத்தில் தாய் சத்தமே இல்லாமல் வந்து எங்களை மோந்துவிட்டு ஓரமாகப் போய் நின்றது. நான் கையில் இருந்த எவர்சில்வர் தட்டைச் சிமெண்டுத் தரையில் போட்டேன். சட்டென்று ஒதுங்கியது. காது இரண்டும் பின்னால் போய் முன்னால் வந்தது. அப்புறம் நேராகத் தட்டுக்குப் போய் மோந்து பார்த்து, வாயில் கவ்வித் தூக்கிக்கொண்டு எங்களிடமே வந்தது. திடுக்கிடுவதில் தப்பில்லை, எந்த உயிரும் திடுக்கிடும். எவ்வளவு சீக்கிரம் தெளிகிறது, தெளிந்த பிறகு அந்தப் பொருளிடம் தானாகப் போகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். நீங்கள் போகிற இடத்திலும் இதையே செய்து பாருங்கள். தாயை அதன் கூண்டுக்கு வெளியே, தெரியாத இடத்தில், வழுக்குகிற டைல்ஸ் தரையில், ஆள் நடமாட்டத்தில் பாருங்கள். காட்ட முடியாது என்று சொல்கிறவரிடம் குட்டி வாங்காதீர்கள்.

இன்னொன்று, அடங்கும் குணம். வேலை இருக்கும்போது வெறியாக ஓட வேண்டும், வேலை முடிந்ததும் வந்து படுக்க வேண்டும். மாலினாய்ஸில் இது எல்லாவற்றுக்கும் இருக்காது. படுக்கத் தெரியாத நாய் இரவெல்லாம் ஒரே வட்டத்தில் சுற்றும், வாலைத் துரத்தும், சுவரைச் சுரண்டும், அசைகிற எதையும் கவ்வும். 4 வயதுக் குழந்தை ஓடுகிற வீட்டில் அசைகிற எதுவும் என்பதன் அர்த்தம் உங்களுக்குப் புரியும். நீங்கள் அங்கே உட்கார்ந்து டீ குடிக்கிற நேரம் வரைக்கும் தாய் நாயை அவிழ்த்துவிடச் சொல்லிக் கேளுங்கள். பேசி முடிப்பதற்குள் ஓரிடத்தில் படுத்துவிட்டதா என்று பாருங்கள். தகப்பன் வேறு ஊரில் இருக்கும், பரவாயில்லை. அது வேலை செய்கிற வீடியோவை வெட்டாமல், ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கேட்டு வாங்குங்கள். கடிக்கிற இடத்தை மட்டும் வெட்டிப் பாட்டுப் போட்ட வீடியோ ஒன்றுக்கும் உதவாது. கடித்த பிறகு ‘விடு’ என்றதும் விடுகிறதா? அதைப் பாருங்கள். அதே ஜோடியின் முன் ஈத்துக் குட்டிகளை வாங்கியவர்கள் யாராவது கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கம் இருப்பார்கள். அவர்களிடம் பேசினால் வீடியோ சொல்லாததெல்லாம் வெளியே வரும்.

இனி உங்கள் தோட்டம். ராத்திரி அவிழ்த்துவிடுவது பற்றி எழுதியிருந்தீர்களே, அதைப் படித்தபோது எனக்குத் திக்கென்றது. உங்களுக்குச் சானமாவு காடு தூரமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ராகி முற்றும் நேரத்தில் பன்னர்கட்டா பக்கமிருந்து யானைக்கூட்டம் தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று இறங்கும். விரட்டும் வேகம் அதிகமுள்ள நாய் யானையைப் பார்த்தால் குரைத்துக்கொண்டே அதனிடம் போகும். யானை திருப்பி விரட்டினால் அது ஓடிவருவது நேராக உங்கள் அப்பா படுத்திருக்கும் கொட்டகைக்குத்தான். அதோடு சிறுத்தை இருக்கிறது. காட்டுப்பன்றிக்குத் திருட்டுத்தனமாக வைக்கிற அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடி இருக்கிறது, கண்ணி இருக்கிறது, மின்வேலி இருக்கிறது. அவுட்டுக்காயைக் கவ்வி வாய் சிதறிய நாயை ஒருமுறை பார்த்தவர் எந்த நாயையும் ராத்திரி காட்டோரம் அவிழ்த்துவிட மாட்டார். மானையோ முயலையோ உங்கள் நாய் அடித்துவிட்டால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். திருட வருகிறவனும் சும்மா வரமாட்டான், விஷம் வைத்த கறியோடு வருவான்.

அப்புறம் காலை 6 மணிக்கு வருகிற பூப் பறிக்கும் பெண்கள். ராத்திரி முழுக்கத் தன்னிச்சையாகச் சுற்றிய நாய்க்கு விடிந்ததும் அவர்கள் நம்ம ஆட்கள் என்று எப்படித் தெரியும்? கவனக்குறைவாக விட்ட பிராணி யாரையாவது கடித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவில் 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், கடிபட்ட அந்த அம்மாவின் கை நாளைக்கு வேலைக்கு ஆகாது.

பகலெல்லாம் சங்கிலியில் கட்டிப்போடுவதும் இந்த இனத்துக்கு ஆகவே ஆகாது. கட்டிய நாய்க்குத் தப்பிக்க வழியில்லை என்று தெரியும், அதனால் வருகிறவன் போகிறவன் எல்லோர்மேலும் பாயப் பழகிவிடும். நல்ல லைன் குட்டியை வாங்கி ஆறு மாதம் சங்கிலியில் போட்டால் அந்த பஞ்சர் கடைத் தாய் மாதிரி ஒன்றை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள். நிழலில் கூரை போட்ட, பக்கவாட்டில் மட்டுமில்லாமல் மேலேயும் வலை அடித்த கூண்டு கட்டுங்கள். காலையும் மாலையும் ஆளோடு வேலை கொடுங்கள். தோட்ட எல்லையை லீஷில் பிடித்து ஒரு சுற்று, மோப்பம் பிடித்து ஒளித்த பந்தைத் தேடுதல், உட்கார், படு, வா, விடு. ராத்திரி கூண்டு மோட்டார் ரூம் பக்கம் இருக்கட்டும். அது குரைத்தால் நீங்கள் எழுந்து, லைட்டைப் போட்டு, லீஷில் பிடித்துக்கொண்டு போகலாம். கேபிள் திருடனைத் துரத்த அதுவே தாராளம்.

இதையெல்லாம் செய்ய நேரமில்லை, குரைத்து எழுப்பினால் போதும் என்றால், மாலினாய்ஸ் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். கோம்பையோ ராஜபாளையமோ நல்ல தாய்க்குப் பிறந்ததாகப் பார்த்து எடுங்கள். நம் வெயிலுக்குப் பிறந்த உடம்பு, இடத்துப்பற்றும் உண்டு. 2011-ல் பின்லேடன் வீட்டுக்குள் கெய்ரோ என்ற மாலினாய்ஸ் போன பிறகு உலகம் முழுக்க இந்த நாய்க்கு மவுசு ஏறிவிட்டது. நமக்குப் பக்கத்தில், பெங்களூர் தரளுவில் சி.ஆர்.பி.எப். நாய்ப் பயிற்சிப் பள்ளியிலும் மாலினாய்ஸ்தான் பிரதானம். ஆனால் அங்கே நாய்க்கென்று ஹேண்ட்லர் இருக்கிறார், தினமும் பயிற்சி, தினமும் வேலை, கூடவே மருத்துவர். அந்த நாய் செய்வதைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் அதன் பின்னால் இருக்கிற ஆளையும் பார்க்க வேண்டும்.

நேரம் ஒதுக்க முடியும், தினம் காலை ஒரு மணி மாலை ஒரு மணி நானே நாயோடு இருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் என் தீர்ப்பு இதுதான். பெங்களூர் 90,000 ரூபாய்க் குட்டி வேண்டாம். உண்மையான கே.என்.பி.வி. ரத்தம் என்றால் அது முதல்முறை வளர்ப்பவருக்கும் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் ஒத்துவராது. பொய் என்றால் பணம் தண்டம். ஷோ குட்டியும் உங்கள் வேலைக்கு வேண்டாம். ஐ.ஜி.பி. பின்னணியோ பெல்ஜியன் ரிங் கலப்போ உள்ள, நடுத்தர வேகமும் திடமான மனமும் கொண்ட ஜோடிக்குப் பிறந்த குட்டி கிடைத்தால் அதுதான் உங்களுக்கு. ஓசூர்க்காரரின் தாய் நாய் நான் சொன்ன சோதனைகளில் தேறி, டீ குடித்து முடிப்பதற்குள் படுத்தும் விட்டால், பிரெஞ்சு ரிங் என்ற பெயருக்காகத் தள்ள வேண்டாம், எடுக்கலாம். குட்டிகளில் எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முதலில் வந்து செருப்பைக் கடிக்கிற குட்டியைத்தான் எல்லோரும் தூக்குவார்கள். நீங்கள் அதை விட்டுவிட்டு, தானாக வந்து மோந்து, கொஞ்சம் விளையாடி, பிறகு உங்கள் பக்கத்திலேயே இருக்கிற குட்டியைப் பாருங்கள்.

பேப்பர் பற்றி. கென்னல் கிளப் ஆப் இந்தியா சான்றிதழும், தோலுக்கடியில் வைக்கிற மைக்ரோசிப்பின் எண்ணும் கேளுங்கள். அந்தச் சான்றிதழ் குட்டி யாருக்குப் பிறந்தது என்று சொல்லும், குணத்துக்கு உத்தரவாதம் தராது. வம்சப் பட்டியலில் தாய் பக்கமும் தகப்பன் பக்கமும் ஒரே நாயின் பெயர் வருகிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். ஒரு பெயர் மூன்றாவது தலைமுறையிலும் நான்காவது தலைமுறையிலும் வந்தால் 3-4 என்று எழுதுவார்கள், அதுவரைக்கும் பரவாயில்லை. 1-2, 2-2 என்று வந்தால் அப்பா மகள், அண்ணன் தங்கை முறையில் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இங்கே மாலினாய்ஸ் வந்ததே கொஞ்சம், அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சேர்ப்பது நிறைய நடக்கிறது. இறக்குமதி ஜோடி என்று சொன்னால் அந்த நாயின் பெயரில் உள்ள வெளிநாட்டுப் பேப்பரைக் காட்டச் சொல்லுங்கள். வியாபாரத்துக்கு நாய் இறக்குமதி செய்ய மத்திய அரசின் கட்டுப்பாடு உண்டு, சொல்கிற அளவுக்கு எல்லாம் வந்திருக்க வழியில்லை.

உடம்பு விஷயத்தில் தாய் தகப்பனுக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு வயது முடிந்த பிறகு எடுத்ததாக இருக்க வேண்டும். எப்.சி.ஐ. முறையில் ஏ அல்லது பி என்றால் நல்லது. எடுக்கவில்லை என்றால் பெங்களூர் ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்தில்தானே இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், பிரீடருக்கு எவ்வளவு அக்கறை என்று அவர் பதிலிலேயே தெரிந்துவிடும். வலிப்பு இந்த இனத்தில் உண்டு. குடும்பத்தில் எந்த நாய்க்காவது வந்ததா என்று நேராகக் கேளுங்கள். சிறுமூளையைத் தாக்கும் பரம்பரை நோயும் ஒன்று உண்டு. ஒன்றிரண்டு மாதத்துக்குள்ளேயே குட்டி குடிகாரனைப் போலத் தள்ளாடும், பிழைப்பதில்லை. தாயும் தகப்பனும் இருவரும் வெளியே தெரியாமல் அந்த ஜீனைச் சுமந்தால்தான் குட்டிக்கு வரும், அதற்கு ஜீன் டெஸ்ட் இருக்கிறது. கூட்டத்தில் ஒரு குட்டி தள்ளாடினாலும் அந்த ஈத்தையே விட்டுவிடுங்கள்.

இரண்டு குட்டி வேண்டவே வேண்டாம். ஒரே ஈத்துக் குட்டிகள் இரண்டு சேர்ந்தால் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும், உங்களைப் பார்க்காது. பெரிதானதும் சண்டை வரும். மாலினாய்ஸ் சண்டையை ஒரு ஆள் பிரிக்க முடியாது. ஒன்றை ஒழுங்காகப் பழக்குங்கள், அது இரண்டு வயது தாண்டி நிலைத்த பிறகு யோசிக்கலாம்.

கடிப் பயிற்சிக்கு அவசரப்படாதீர்கள். முதல் வருடம் ஊர், சந்தை, பஸ் ஸ்டாண்டு சத்தம், படிக்கட்டு, ஆடு மாடு, பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் காட்டி, கூப்பிட்டால் வரவும் சொன்னால் விடவும் பழக்குங்கள். தோட்டத்துப் பையன்களைக் கூப்பிட்டுச் சாக்கைச் சுற்றிக்கொண்டு சீண்டச் சொல்லாதீர்கள், நம் பக்கம் நாய்கள் கெடுவது பெரும்பாலும் அதனால்தான். ஒன்றரை வயதுக்கு மேல், அனுபவமுள்ள பயிற்சியாளர் பார்த்து, இந்த நாய்க்கு அது தேவையா என்று முடிவு செய்யட்டும். உங்கள் தோட்டத்துக்குத் தேவைப்படாது என்பது என் அபிப்பிராயம். சித்திரை வைகாசியில் காலை 8 மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். பந்தைக் கண்டால் இந்த நாய் மயங்கி விழும்வரை ஓடும், நிறுத்த வேண்டியது நீங்கள்தான். நாக்கு கருஞ்சிவப்பாகி நடை தடுமாறினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, காற்று வீசி, மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். உண்ணிக் காய்ச்சல் நம் பக்கம் அதிகம், உண்ணி மருந்தை மாதம் தவறாமல் மருத்துவர் சொன்னபடி கொடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஓசூர் போய்த் தாய் நாயைப் பார்த்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம், குட்டியைப் பார்த்துவிட்டால் அவர்கள் விடமாட்டார்கள், நீங்களும் அட்வான்ஸ் கொடுத்துவிடுவீர்கள். எல்லாம் திருப்தியாக இருந்தால் பெட்டைக் குட்டியாகவே எடுங்கள். முதல்முறை வளர்ப்பவருக்கு அதைக் கையாள்வது சுலபம், காவலில் ஆணுக்கு எந்த விதத்திலும் குறையாது. 8 வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ம் வருட விதியே இருக்கிறது, இப்போதே எடுத்துப் போங்கள் என்று சொன்னாலும் 8 வாரம் முடியும்வரை தாயோடு விட்டுவையுங்கள். தடுப்பூசி அட்டையும் மைக்ரோசிப் எண்ணும் கைக்கு வந்த பிறகு மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.